காக்கை எடுக்காத சோறு

போன மாதம் நம் பழைய பள்ளிக்கூடத்துக் கூட்டம் கூடியபோது, வேன் எடுத்துக்கொண்டு கோலா சிலாங்கூர் பக்கம் போய் நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் மின்மினி பார்த்துவிட்டு வரலாம் என்று நீங்கள் எல்லாரும் துள்ளினீர்கள். எண்பதைத் தாண்டிய கிழவிகளுக்கு என்ன துள்ளல்! நான் மட்டும் முட்டி வலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். முட்டி வலி எனக்கு எப்போதும் இருப்பதுதான். அதற்காக நான் எங்கேயும் போகாமல் இருந்ததில்லை. "பெரிய மனுஷி, நம்மகூட வரமாட்டாளாம் லா" என்று ஒருத்தி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. யார் என்றும் தெரியும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கடை வரிசையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஒரு மீன்பிடிக் கம்பம், மீனவர் கிராமம், உண்டு. இப்போது அங்கேயும் கடை வந்திருக்கும், சிவப்பு விளக்குக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அங்கே போய் ஒரு மாதம் தங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே கால் வைத்ததில்லை.

அது வெள்ளைக்காரர் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசர காலம். உங்களில் பாதிப் பேர் டவுனில் பிறந்தவர்கள், உங்களுக்கு அது ஊரடங்கு, அவ்வளவுதான். ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கு அது சோறு. வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் வாசலில் நின்று தூக்குச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். வெறும் காப்பி என்றால் போகலாம். சோறு இருந்தால் ஆளையே பிடித்து வைத்துக்கொள்வார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போகக்கூடாது என்பது சட்டம். சோறு கொடுத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் அவனுக்கு வழக்குக்கூட கிடையாது. கொஞ்ச நாள் சிறையில் வைத்திருந்து அப்படியே இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். எங்கள் தோட்டத்திலேயே இரண்டு குடும்பம் அப்படிப் போனது.

எனக்குக் கக்குவான் இருமல் வந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். "இந்தப் புள்ளய கைக்குழந்தைகிட்ட வுடாதீங்க. கடக்காத்து பட்டா நல்லது" என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் சொல்லிவிட்டார். அப்பாவின் மூத்த அக்காள், என் அத்தை, கடற்கரையோரம் அந்த மீன்பிடிக் கம்பத்தில் இருந்தாள். அங்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் தோட்டம் பத்தாங் பெர்சுந்தை பக்கம். அப்பா அங்கே கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. வெள்ளைக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனா, யாரைக் கண்டாலும் பாதி எழுந்து நிற்கிற உடம்பு. வழிக்கு என்று அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பஸ் ஏறும் இடத்துக்கு வந்ததும் அப்பா அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், அப்படியே சாக்கடையில் போட்டுவிட்டார். நல்லெண்ணெயும் வறுத்த வெந்தயமும் மணக்க மணக்க அது சாக்கடையில் கிடந்தது. நான் அழுதேன். "அழுவாத, செக்கிங்ல கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். என்னைவிட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார் என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். ஆற்றைச் சம்பான் படகில் கடந்தோம். பிறகு ஒரு லோரி. கடைசியில் நடை. கம்பம் வருவதற்கு முன்னாலேயே அதன் வாடை வந்துவிட்டது. இறால், சேறு, வெயிலில் புளிக்கிற இறால் விழுது, பிளாச்சான். சேற்றுக்குமேல் கம்பு நட்டுக் கட்டிய சீனர் வீடுகள், வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். நடந்தால் பலகை ஆடும், கீழே சேற்றில் நண்டு ஓடும். எங்கே பார்த்தாலும் பாயில் நெத்திலியும் இறாலும் காய்ந்தன. எங்கே பார்த்தாலும் காக்கை. கூரைமேல், படகின்மேல், காயப்போட்ட பாயின்மேலேயே. அத்தனை காக்கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தைகள் கம்பு வைத்துக்கொண்டு அவற்றை விரட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கம்பத்தின் ஓரத்தில், கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்கிற மண்கரைமேல் அத்தை வீடு. மாமா வாய்க்கால்களைப் பார்க்கிற பாரிட் இலாகாவில் தண்ணிக் கதவுக்காரர். வாய்க்கால் கடலில் சேருகிற இடத்தில் பெரிய இரும்புக் கதவு. அதன் சக்கரத்தைச் சுற்றி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அந்தக் கம்பத்திலேயே தமிழ் வீடு அது ஒன்றுதான்.

"ஏந்தம்பி, புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா? எலும்புதான் நிக்குது!" என்று அத்தை என்னை இழுத்து அணைத்தாள். அப்படிச் சொன்னவளே எலும்பாகத்தான் இருந்தாள். வளையல் முழங்கை வரை போய் வந்தது. "வாடி என் மருமவளே" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஏன் உடைந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அண்ணன் தம்பி பெற்ற பெண் அத்தைக்கு மருமகள். அத்தை மகன் இருந்தால் அவன்தான் முறை. அத்தைக்கு ஒரே மகன், பதினேழு வயது. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து, "உன் பொண்டாட்டி அழுவுறா பாருடா, ஆட்டிவுடு" என்று அவனைச் சீண்டுவார்களாம். அந்த அத்தான், நான் போவதற்கு நாலு மாதம் முன், சீனர் படகு ஒன்றில் வலை இழுக்கப் போனவன், திரும்பவில்லை. படகின் பலகை சபாக் பக்கம் கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

அப்பா அன்றே திரும்பினார். அந்தக் கம்பத்துக்கும் முள்வேலி உண்டு; போகும்போது என்னிடம் சொன்னது இது: "வேலிக்கு அந்தாண்ட கால வைக்காத. யாரு எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

அத்தை வீட்டில் நீல விளிம்பு வைத்த மங்குத் தட்டு ஒன்று இருந்தது. அத்தானுடையது. தினமும் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைப்பாள். அதில் யாரும் சாப்பிடக்கூடாது. நான் தெரியாமல் ஒரு நாள் எடுத்துவிட்டேன். அத்தை திட்டவில்லை. உட்கார்ந்து கதையைச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் அவன் பசி என்று வந்து உட்கார்ந்தானாம். தலைமுடியைக் காது மறைய வளர்த்திருந்தானாம், அதற்காகச் சண்டை. "முடிய வெட்டாம இந்த வூட்டுல ஒனக்குச் சோறு கெடையாதுடான்னு சொல்லிட்டேன்டி. எந்திரிச்சுப் போயிட்டான். கூப்புடுவேன்னு நெனச்சிருப்பான். நான் கூப்புடலடி."

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவன் ஒரு வாய் சாப்பிடவேண்டும். மத்தியானம் சோறு வடித்ததும் முதல் பிடியை வாழை இலைத் துண்டில் வைத்து, வீட்டுப் பின்புறம் சிமெண்டுக் கட்டைமேல் வைப்பாள். "கா... கா... வா ராசா, வாடா என் தங்கமே" என்று கூப்பிடுவாள். தோட்டத்தில் என்றால் இலையைக் கீழே வைக்குமுன் நாலு காக்கை வந்து இறங்கும். இங்கே காக்கை வரும், கட்டையில் உட்காரும், சோற்றைத் தலை சாய்த்துப் பார்க்கும், பறந்துவிடும். தொடாது. காக்கை எடுக்காமல் அத்தை வாயில் பருக்கை வைக்கமாட்டாள். நாலு மணி, ஐந்து மணி வரை கூப்பிட்டுக்கொண்டே நிற்பாள். பிறகு மாமா வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், நீராகாரத்தைக் குடிக்க வைப்பார். ஒரு நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கியபோது, "இப்புடியே போனா இவ மழ மாசத்த பாக்கமாட்டா" என்று மாமா என்னைப் பார்த்து, பெரிய மனுஷியிடம் சொல்வதுபோலச் சொன்னார். 

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் நெத்திலி காயப்போடுகிறவள், நல்லவள். அத்தையும் அவளும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். "சினி காகா மாக்கான் இக்கான் லா, மானா மாவ் நாசி?" என்று ஒரு நாள் சொன்னாள். இந்த ஊர்க் காக்கை மீன் தின்கிறது, சோறு எங்கே கேட்கும் என்று. எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு சரி! விடிந்ததிலிருந்து இறாலும் நெத்திலியும் தின்று கொழுத்த காக்கை வெறும் சோற்றைத் தொடுமா? அத்தை காதில் அது ஏறவே இல்லை. "அவளுக்கு நம்ம சாங்கியம் என்னடி தெரியும்? எம்புள்ள கோவத்துல இருக்கான்" என்றாள். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. மூன்று பெரியவர்கள் இருந்த இடத்தில் சரியாகச் சொன்னது ஒருத்தி, அவள் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லை.

ஒரு நாள் அத்தைக்கு வேறு யோசனை வந்தது. "நீ வையுடி. முறைப்பொண்ணு நீ. நீ வச்சா வருவான்." அன்றிலிருந்து இலை என் கைக்கு வந்தது. நானும் கட்டைமேல் வைத்தேன், கூப்பிட்டேன், இருமிக்கொண்டே கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. அத்தை அன்றும் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் முள்வேலி. தண்ணிக் கதவு வேலிக்கு வெளியே இருந்ததால் மாமாவுக்கு மட்டும் ஒரு சின்ன வாசல், அதன் சாவி அவர் அரைஞாணில். மத்தியானம் கொஞ்ச நேரம் அதைத் திறந்து வைத்துவிட்டுச் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பார், முதுகைக் காட்டிக்கொண்டு. வாசலைத் தாண்டினால் சேறு. சேற்றுக்கு அப்பால், வேரை விரித்து நிற்கிற பாக்காவ் மரங்கள். அந்த மரங்களில் காக்கை கூட்டமாக உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்த்தேன். இங்கே வராவிட்டால் என்ன, நாம் அங்கே கொண்டுபோய் வைக்கலாமே என்று தோன்றியது. எட்டு வயதுப் புத்தி.

மறுநாள் அத்தை முன்புறம் முகம் கழுவப் போன நேரத்தில், கட்டையிலிருந்த இலையை எடுத்துக்கொண்டு வாசல் வழியே ஓடினேன். சேறு கணுக்கால் வரை இழுத்தது. மரத்தடியில் வெட்டிப்போட்ட அடிமரம் ஒன்று இருந்தது, அதன்மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். வாய்க்கால் ஓரத்தில் காலைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளைப்போல வந்து நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தேன். இலை சுத்தமாகக் கிடந்தது.

"அத்தே! தின்னுடுச்சு அத்தே! எலையோட தூக்கிடுச்சு!"

அத்தை அலறிய அலறலில் சீனத்து அம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். வெறும் கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள் அத்தை. "வந்துட்டானா? எம்புள்ள வந்துட்டானா?" பிறகு உட்கார்ந்து, மத்தியான நேரத்தில், சூடாக, இரண்டு கவளம் சாப்பிட்டாள். மாமா அவள் சாப்பிடுவதை வாசலில் நின்று பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் செய்த நல்ல காரியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு தினமும், அத்தை முகம் கழுவப் போகிற நேரம் பார்த்து. அத்தையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பாட்டுக்கூட முனகினாள். பிடிச் சோறு இரண்டு பிடியானது. கார்டில் வருகிற அரிசி மூன்று பேருக்கே பற்றாது, மாமா தன் பங்கைக் குறைத்துக்கொண்டார். "அவனுக்குக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு" என்று அதையும் மேலே ஊற்றினாள். ஒரு நாள் பாதி முட்டைகூட. நான் இலையை ஏந்திக்கொண்டு சேற்றில் ஓடினேன்.

இலை எப்போதும் நேர்த்தியாக மடித்துக் கிடந்தது. காக்கை இலையை மடிக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்கும் அது உறைத்தது, கொஞ்சம் பிந்தித்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வைத்துவிட்டுத் திரும்பாமல் ஒரு வேருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இருமல் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு சீனப் பெண் வந்தாள். பதினெட்டு இருக்கும். முடியை ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டியிருந்தாள். கறுப்புக் காற்சட்டை, ஒரு காலில் அழுக்குத் துணிக் கட்டு. அந்தக் காலை இழுத்து இழுத்து வந்து அடிமரத்தருகில் மண்டியிட்டாள். எப்படிச் சாப்பிட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது. மெல்லவே இல்லை. மோவாயில் ஒட்டிய பருக்கையை விரலால் எடுத்து அதையும் தின்றாள். முள்ளையும் கடித்துத் துப்பினாள். இலையை மடித்துக்கொண்டே நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. அவள் கண்ணிலும் பயம்தான் இருந்தது.  திரும்பி ஓடினேன்.

அத்தை வீட்டு முன்வாசலிலேயே நின்றாள். "தின்னானாடி?"

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது யார் என்று தெரியாமல் இருக்குமா? சோறு கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும்.  ஆனால் பின்னால் அடுப்பில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது, நான் தலையாட்டினால்தான் அத்தை அதைத் தொடுவாள்.

"தின்னுடுச்சு அத்தே" என்றேன்.

மறுநாளும் கொண்டுபோனேன். அதற்கு மறுநாளும். பயந்து பயந்து கொண்டுபோனேன். இலையை வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிடுவேன்.

அந்த வாரம் கம்பத்தின் பேச்சே மாறிவிட்டது. ஒலிபெருக்கி வைத்த வேன் இரண்டு தடவை வந்து போனது. படகுகளைக் கரையிலேயே கட்டிப்போடச் சொன்னார்கள். தண்ணீரில் வாழை இலை மிதந்து வந்ததாம், ரோந்துப் படகில் போனவர்கள் எடுத்துப் பார்த்தார்களாம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததாம் என்று சீனத்து அம்மாள் அத்தையிடம் சொன்னாள். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வைத்த இலை வீட்டுக் கட்டைமேல் அல்லவா இருந்தது! எனக்கு மட்டும் அன்றிரவு சோறு இறங்கவில்லை. இனிமேல் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மறுநாள் போனேன். வைத்துவிட்டு வேலி வாசலுக்கு வந்து சேர்ந்த நேரம், பாக்காவ் மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து விசில் சத்தம். நாய் குரைத்தது. பிறகு துப்பாக்கி, இரண்டு தடவை. காக்கையெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி வானம் கறுத்தது.

மாமா சக்கரத்தடியில் இருந்தார். சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு சேற்றைப் பார்த்தார். வேலி வாசலிலிருந்து மரத்தடி வரை, போனதும் வந்ததுமாக, சின்னக் கால் தடம், ஒன்றுகூட விடாமல் பதிந்திருந்தது. என் காலைப் பார்த்தார். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியும், அதை எழுத வரவில்லை. தோளிலிருந்த துண்டை உருவி, குனிந்து, என் இரண்டு காலையும் அழுத்தித் துடைத்தார். "உள்ள போ. அத்தைகிட்ட ஒக்காரு. நீ வெளிய வரவே இல்ல. என்ன?" என்றார்.

அப்புறம் ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றினார்.

அது வறட்சி மாதம். வாய்க்காலுக்குள் தேக்கி வைத்திருந்த நல்ல தண்ணீர் அத்தனையும் மலாய்க்காரர்களின் நாற்றுக்கு. கம்பத்துத் தலைவர் பெங்குலு சொல்லாமல் அந்தக் கதவை ஓர் அங்குலம் தூக்கக்கூடாது. அவசர காலத்து உத்தரவு வேறு, போலீசுக்குத் தெரியாமல் திறக்கக்கூடாது என்று. பதினாறு வருஷ சர்வீசில் மாமா ஒரு தடவை தப்பாகத் திறந்தவர் இல்லை. அன்றைக்குக் கதவை முழுவதும் தூக்கினார். தண்ணீர் இரைந்துகொண்டு வெளியேறி, வாய்க்காலை மீறிச் சேற்றின்மேல் பரவி, என் கால் தடத்தையெல்லாம் அடித்துக்கொண்டு கடலுக்குப் போனது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

சோல்ஜர்கள் வந்தபோது சேறு வழவழவென்று இருந்தது. அவர்கள் கையில் அடிமரத்தில் கிடந்த இலை, கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றோடு. அந்தக் கம்பத்தில் வாழை இலையில் சோறு வைக்கிற வீடு எது என்று அவர்கள் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. நேராக அத்தையின் அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

மொழிபெயர்க்க வந்தவர் தமிழர்தான். "யாரு வச்சது?" என்று கேட்டார்.

அத்தை வாயைத் திறக்குமுன் மாமா, "நாந்தான் ஐயா. செத்துப்போன மகனுக்கு, காக்காய்க்கு வைக்கிறது" என்றார்.

"காக்காய்க்கு வைக்கிறவன் வேலிக்கு அந்தாண்ட, அத்தன தூரத்துல ஏன்யா வைக்கிறே?"

மாமா சேறு பட்ட துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"தண்ணிய எதுக்குத் தொறந்தே? யாரு தடத்த அழிச்சே?"

 கூட வந்த வெள்ளைக்கார அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பவர் கேட்டார், நாற்று போச்சே என்று பெங்குலுவும் வந்து கத்தினார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவரு இல்லீங்க, கட்டமேலதானே வச்சோம், எம்புள்ளதான் வந்து தின்னான்" என்று அழுதுகொண்டே சொன்னாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  மாமா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். கையைக் கட்டி லோரியில் ஏற்றினார்கள். அதே லோரியில் தார்ப்பாயால் மூடி என்னவோ கிடந்தது. தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கால் தெரிந்தது, அழுக்குத் துணிக் கட்டோடு.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். என்னைத் திருப்பி அழைத்துப்போக. லோரிக்குக் காத்திருந்த இடத்தில், ஒரு தென்னை மரத்தடியில், அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் இலையைக் கொண்டுபோனேன், ஒரு பெண் தின்றாள், அத்தைக்குத் தெரியாது, மாமா என் தடத்தைத்தான் அழித்தார், ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம் அப்பா, சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்றால் மாமாவை விட்டுவிடுவார்கள் அப்பா. எட்டு வயதில் நான் அதைவிடத் தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அப்பா என் கன்னத்தில் அறைந்தார். "பொய் சொல்லாத!" மறுபடியும் அறைந்தார். "பொய்! யாருகிட்டயாவது இந்தப் பொய்ய சொன்னே, நாக்க அறுத்துருவேன்!" அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று அவருக்குத் தெரியும். கிராணி மகள் கம்யூனிஸ்டுக்குச் சோறு போட்டாள் என்றால் வேலை போகும், வீடு போகும், கைக்குழந்தையோடு நாங்கள் எல்லாருமே கப்பலில்தான் என்று அவர் கணக்குப் போட்டார். மாமாவைப் பாரிட் இலாகா துரை எழுதிக் கொடுத்து வெளியே எடுத்துவிடுவார் என்று நம்பினார். அப்படித்தான் அம்மாவிடம் சொன்னார், ஒரு வாரம், பத்து நாள் என்று. துரை எதையும் எழுதவில்லை. அனுமதி இல்லாமல் கதவைத் திறந்தவனுக்காக எந்தத் துரை எழுதுவார்?

மாமாவை ஐந்து மாதம் சிறையில் வைத்திருந்தார்கள். பிறகு உத்தரவு வந்தது. மாமா இந்த மண்ணில் பிறந்தவர், தாய் தகப்பன் இரண்டு பேரையும் இங்கேதான் புதைத்தார். இந்தியாவில் அவருக்கு ஒரு ஆள் முகம் தெரியாது. கூடப் போவதா இல்லையா என்று அத்தையைக் கேட்டார்கள். போகிறேன் என்றாள்.

கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பா என்னையும் அழைத்துப்போனார். ஏன் அழைத்துப்போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கப்பல் ஏறுகிற கூட்டம் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம். மாமா தலை முழுதும் நரைத்துப்போய், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். "மச்சான்..." என்று அப்பா ஆரம்பித்தார். மாமா, "வுடுங்க. புள்ளய நல்லா படிக்க வைங்க" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும், அப்பாவுக்கும் எல்லாம் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதவள் அத்தை ஒருத்திதான்.

அத்தை கம்பி வழியே கையை நீட்டி என் மோவாயைப் பிடித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஊரு ஒலகமெல்லாம் என்னென்னமோ சொல்லுதுடி. யாரோ கம்னிஸ்டு தின்னான்னு சொல்றாங்க. நீதானே வச்சே. எனக்கு ஒண்ண மட்டும் சொல்லு, கடல் தாண்டிப் போறேன், இனி எப்ப பாக்கப் போறேன். நீ ஒங்கண்ணால பாத்தியா? காக்கா வந்துச்சா? எம்புள்ள தின்னானா?"

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"பாத்தேன் அத்தே," என்றேன். "பெரிய காக்கா. ஒரு பருக்க வுடாம தின்னுச்சு."

அத்தையின் முகம் அப்படியே தெளிந்தது. "போதும்டி ஆத்தா, அது போதும் எனக்கு" என்றாள். அழவே இல்லை. மாமாவின் பெட்டியில் ஒரு முனையைத் தானே பிடித்துத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

அப்பாவின் கை மெல்ல வந்து என் தலைமேல் உட்கார்ந்தது, நல்ல பிள்ளை என்று தடவுவதுபோல. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.